கிளப்ஹவுஸ் கையெழுத்து என்றால் என்ன? 1955 டாட்ஜர்ஸ் பந்து ஒன்றைப் பற்றிச் சந்தேகம்

எடிசன்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். பேஸ்பால் பொருட்கள் சேர்க்க ஆரம்பித்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. பையன் லிட்டில் லீக் ஆடுகிறான், அவனை மைதானத்தில் விட்டுவிட்டு சும்மா உட்கார்ந்திருக்கும்போது தொற்றிக்கொண்ட வியாதி இது. இதுவரை அட்டைகள்தான் வாங்கியிருக்கிறேன். கையெழுத்துப் பக்கம் போனதில்லை.

போன மாதம் பக்கத்து ஊரில் ஒரு வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்றார்கள். எழுபத்தைந்து வயதிருக்கும் ஒரு அம்மா. அவருடைய அப்பாவின் மேஜை டிராயரில் ஒரு பந்து இருந்தது. ஸ்பால்டிங் கம்பெனி பந்து, நேஷனல் லீக் முத்திரை, அந்த லீக்கின் அப்போதைய தலைவர் வாரன் கைல்ஸ் பெயர் அச்சு. சுற்றிலும் 23 கையெழுத்துகள், எல்லாம் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி வீரர்கள். ஜாக்கி ராபின்சன், கேம்பனெல்லா, ஸ்னைடர், ஹாட்ஜஸ், ரீஸ், ஃபுரில்லோ, எர்ஸ்கின் எல்லாரும் இருக்கிறார்கள். "1955-ல அப்பாவுக்கு டீம்ல இருந்தே கிடைச்சது, எபெட்ஸ் ஃபீல்டுக்குள்ள இருந்து வந்தது" என்றார். டாட்ஜர்ஸின் சொந்த மைதானம் அது. 140 டாலர் கொடுத்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

சரிபார்க்கும் நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பினேன். நேற்று பதில் வந்தது. பதினேழு கையெழுத்து அசல். ராபின்சன், கேம்பனெல்லா, ஸ்னைடர், ஹாட்ஜஸ் உட்பட ஆறு பேருக்கு நேராக "கிளப்ஹவுஸ்" என்று போட்டிருக்கிறார்கள். ஃபோன் செய்து கேட்டதற்கு, "அவர்கள் போடவில்லை, அணியைச் சேர்ந்த வேறு யாரோ போட்டது" என்றார்கள். அதற்கு மேல் விளக்கம் இல்லை.

எனக்குப் புரியவில்லை. அந்த அம்மா பொய் சொன்னாரா? ஒரே பந்தில் பாதி அசலும் பாதி போலியும் எப்படி வரும்? இந்தப் பழக்கத்தை யார் ஆரம்பித்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிராங்ஸ்ராஜா:

ஆறு போலின்னா மிச்ச பதினேழையும் நம்பாதீங்க பாஸ். ஃபோர்ஜரிதான். சான் டியாகோ பக்கம் எஃப்பிஐ ஒரு கும்பலையே பிடிச்சாங்களே, ஆபரேஷன் புல்பென். சான் டியாகோ டீம் ஸ்டார் டோனி க்வின் தன்னோட சொந்த டீம் கடையிலேயே தான் போடாத கையெழுத்தோட பந்து விக்கிறதைப் பார்த்துட்டு, அவரே போய்ச் சொன்னாராம். அந்த மாதிரி கேஸ். காசு போச்சுன்னு நினைச்சுக்கோங்க.

பழையலெட்ஜர்:

பிராங்ஸ் தம்பி கொஞ்சம் பொறுக்கணும். புல்பென் கும்பல் செய்தது வேறு, இது வேறு. ஒருவன் உங்கள் பெயரில் செக் போட்டுக் காசை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். இன்னொருவன் நீங்கள் ஊரில் இல்லாதபோது உங்கள் பெயரில் தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டுப் பார்சலை வாங்கி வைக்கிறான். இரண்டு பேர் போட்டதும் உங்கள் கையெழுத்து இல்லை. ஆனால் இரண்டு பேரையும் ஒரே ஜெயிலில் போட முடியாது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "இந்தக் கிழவருக்கு என்ன தெரியும்" என்பீர்கள். தேனி, உசிலம்பட்டி, பேரையூர் என்று முப்பத்தொரு வருஷம் பேங்கில் இருந்தேன். அதில் பாதிக்கு மேல் செக் பாஸ் செய்யும் நாற்காலி. ஒரு கையில் செக், இன்னொரு கையில் மாதிரிக் கையெழுத்து அட்டை. ஒரு நாளைக்கு இருநூறு முந்நூறு கையெழுத்து கண்ணில் படும். ரிட்டயர் ஆனபின் மகன் க்ளீவ்லாந்துக்குக் கூட்டிவந்தான். பேரன் பேஸ்பால் பார்த்தான், நான் பந்துகளில் இருந்த கையெழுத்துகளைப் பார்த்தேன். ஆட்டம் இன்றுவரைக்கும் எனக்கு முழுசாகப் புரியாது. இன்ஃபீல்ட் ஃப்ளை விதியை நாலு பேர் விளக்கியும் ஏறவில்லை.

எடிசன் தம்பிக்கு: அந்த அம்மா பொய் சொல்லவில்லை. பந்து எபெட்ஸ் ஃபீல்டுக்குள்ளிருந்துதான் வந்திருக்கும். "கிளப்ஹவுஸ்" என்று அவர்கள் போட்டதற்கே அதுதான் அர்த்தம். வந்த வழி அசல், ஆறு பேரின் கை மட்டும் வேறு.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு அணியிலும் வீரர்கள் உடை மாற்றும் அறையில் ஒரு மேஜை இருக்கும். மேஜை மேல் டஜன் டஜனாகப் பந்துப் பெட்டிகள். முதலாளியின் நண்பருக்கு, ஆஸ்பத்திரியில் இருக்கும் பிள்ளைக்கு, போலீஸ் அதிகாரிக்கு, பியர் கம்பெனிக்காரருக்கு என்று தினமும் கேட்பார்கள். வீரர்கள் உள்ளே வரும்போதும் போகும்போதும் நின்று போட்டுவிட்டுப் போகவேண்டும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பையன்கள் சந்தோஷமாகப் போடுவார்கள், அவர்களிடம் வேறு யார் கேட்கப்போகிறார்கள்? பெரிய நட்சத்திரத்துக்கு அலுப்பு. நாளைக்கு என்பார். நாளைக்கும் நாளைக்கு என்பார். ஆனால் நட்சத்திரத்தின் பெயர் இல்லாத பந்தை யாருக்குக் கொடுப்பது? அறையைப் பெருக்கி, துண்டு மடித்து, ஷூ துடைத்து வைக்கிற ஆள் பேனாவை எடுத்துக்கொள்வார். உங்கள் பந்தில் பதினேழு அசலும் ஆறு மாற்றுக்கையும் இருப்பது இதனால்தான். எந்த ஆறு என்று பாருங்கள், எல்லாம் பெரிய தலைகள். போலி செய்கிறவன் ஆறோடு நிறுத்தமாட்டான்.

புரூக்ளினில் அந்த வேலையைச் செய்தவர் என்று சேகரிப்பாளர்கள் எல்லாரும் சொல்லும் பெயர் சார்லி டிஜியோவானா. பேட் பாய், அதாவது வீரர்களின் மட்டைகளைப் பார்த்துக்கொள்கிற ஆள். அடர்ந்த புருவம் என்பதால் "த ப்ரௌ" என்றே கூப்பிடுவார்கள், அதாவது புருவம். பாய் என்று பெயரே தவிர வளர்ந்த ஆள். ஐம்பதுகளின் டாட்ஜர்ஸ் பந்துகளில் இவர் கை இல்லாத டஜனைப் பார்ப்பது அபூர்வம் என்பார்கள்.

யார் ஆரம்பித்தது என்று கேட்டீர்கள். ஒரு ஆளைக் காட்ட முடியாது. ஆனால் இது ஒரு தொழிலாகவே ஆனது அந்நாளின் மிகப் பெரிய நட்சத்திரம் பேப் ரூத் காலத்தில். 1920-ல் அவர் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு வந்தார், அந்த ஒரே சீசனில் 54 ஹோம் ரன் அடித்தார். கடிதங்கள் மூட்டையாக வர ஆரம்பித்தன. ரூத் கஞ்சம் இல்லை, தெருவில் பையன்கள் மறித்தால் நின்று போடுகிற மனுஷன். அவர் போட்ட அசல் கையெழுத்தே ஏராளம். அதுவும் போதவில்லை. யாங்கீஸ் அணியில் வீரர்களுக்கு உடம்பு பிடித்துவிடுகிற டிரெய்னர் டாக் வுட்ஸ் ரூத்தின் பெயரை ரூத் மாதிரியே போடுவாராம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. ரூத்தின் ஏஜென்ட் கிறிஸ்டி வால்ஷ் என்று ஒருவர். ரூத் பெயரில் பத்திரிகைக் கட்டுரைகள் வரவைத்தவர். எழுதியது வேறு ஆட்கள். அப்படி ரூத்துக்காகப் பேனா பிடித்தவர்களில் ஒருவர் ஃபோர்ட் ஃப்ரிக் என்ற நிருபர். அந்த ஃப்ரிக்தான் 1934-ல் நேஷனல் லீக் தலைவர் ஆனார். அப்புறம் 1951 வரைக்கும் லீக்கின் ஒவ்வொரு பந்திலும் அவருடைய கையெழுத்து அச்சாகி வந்தது. அடுத்தவர் பெயரில் எழுதியவரின் பெயரை, அடுத்து ஒரு மிஷின் எழுதியது. உங்கள் பந்தில் அதே இடத்தில்தான் வாரன் கைல்ஸ் இருக்கிறார். பந்திலேயே பெரிய எழுத்தில் இருப்பது யார் கையும் படாத அந்தக் கையெழுத்துதான், அதைப் போலி என்று யாரும் எழுதி அனுப்புவதில்லை. ஆனால் காலம் கண்டுபிடிக்க அது நல்ல தடயம். கைல்ஸ் 1951-லிருந்து 1969 வரைக்கும். அவர் பெயர் அச்சான பந்தில் யாராவது 1947 அணி என்று சொன்னால் நடையைக் கட்டுங்கள்.

பாஸ்டன் அணியின் நட்சத்திரம் டெட் வில்லியம்ஸுக்கு ஜானி ஓர்லாண்டோ, கிளப்ஹவுஸ்காரர். வில்லியம்ஸுக்கு "த கிட்" என்று பெயர் வைத்ததே அவர்தான். ரசிகர் கடிதங்களுக்குப் பதிலாகப் போன வில்லியம்ஸ் கையெழுத்துகளில் நிறைய ஓர்லாண்டோவுடையவை. பெயர் வைத்தவரே பெயரைப் போட்டார், அதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். யாங்கீஸ் நட்சத்திரம் ஜோ டிமாஜியோவுக்கு சான் பிரான்சிஸ்கோவில் அக்கா மேரி. யாங்கீஸ் மேஜையில் பீட் ப்ரெவிட்டி, பீட் ஷீஹி என்று இரண்டு பீட்கள். ஷீஹி 1927-லிருந்து 1985-ல் சாகும்வரை அந்த அறையிலேயே இருந்தவர்.

டை காப் மட்டும் தனி ரகம். ஆட்டத்தில் அத்தனை சண்டைக்காரர், ரிட்டயர் ஆனபின் உட்கார்ந்து பச்சை மையில் தானே பதில் எழுதுவார். கோபக்காரர்கள் பல பேர் கடிதத்துக்குப் பதில் போடுவதில் ஒழுங்கு. எங்கள் ரீஜனல் மேனேஜர் ஒருவர் அப்படித்தான்.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? போலி போடுகிறவன் பயந்து மெதுவாகப் போடுவான். கோடு நடுங்கும், நடுவில் பேனாவைத் தூக்கி மறுபடி வைப்பான், லென்ஸில் பார்த்தால் மை தேங்கி நிற்கும். பேங்கில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ஆனால் கிளப்ஹவுஸ் ஆளுக்கு என்ன பயம்? ராபின்சன் பெயரை ராபின்சனைவிட அதிகம் போட்டிருப்பார். சரளமாக ஓடும். அதனால் ஒரு கையெழுத்தை மட்டும் பார்த்தால் சிக்கமாட்டார். பக்கத்தில் உள்ளதோடு சேர்த்துப் பார்க்கணும். ராபின்சனின் "ன்" வால் எப்படி முடிகிறதோ அப்படியே கேம்பனெல்லாவின் கடைசி எழுத்தும் முடியும். ஆறுக்கும் ஒரே சாய்வு, ஒரே அழுத்தம், ஒரே பேனா, கோடு போட்ட நோட்டில் எழுதியதுபோல் இடைவெளி. ஆறு பேர் ஆறு நேரத்தில் வந்து நின்றபடி போட்டால் அப்படி வராது.

பேரையூரில் பேங்க் வாசலில் ஒரு ஆள் இருந்தார். எழுதத் தெரியாதவர்களுக்குப் பணம் எடுக்கும் சலானை நிரப்பிக் கொடுப்பார், ஐம்பது பைசா. தொகை, தேதி, கணக்கு எண் எல்லாம் ஒரே கையாக இருந்தால் தப்பில்லை. ஒரு நாள் ஏழு சலானில் கையெழுத்தும் அதே கை. கூப்பிட்டுக் கேட்டேன். "அவங்க வயக்காட்டுல நிக்கிறாங்க சார், நடவு நாளு. அவங்க கேட்டதைத்தானே செஞ்சேன்" என்றார். விசாரித்தேன், ஏழு பேரும் ஆமாம் என்றார்கள். யாருக்கும் ஒரு பைசா குறையவில்லை. இருந்தாலும் அது செல்லாது. ஒருவருக்காக இன்னொருவர் போடலாம், அதற்கு வழி உண்டு. "இன்னாருக்காக" என்று எழுதி அதன் கீழே தன் பெயரைப் போடவேண்டும். புருவக்காரர் விட்டுவிட்டது அந்த "க்காக"வைத்தான். பந்தில் இடம் இல்லை என்பது அவர் தரப்பு வாதமாக இருக்கலாம்.

எடிசன்வாசி:

சார், மிகவும் நன்றி. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன கடைசி எழுத்து வால், ஸ்னைடருக்கும் ஹாட்ஜஸுக்கும் அப்படியே ஒன்றாக இருக்கிறது! இத்தனை நாள் இது கண்ணில் படவே இல்லை. ரீஸின் கையெழுத்து இடம் பிசகி, பக்கத்தில் இருப்பவர் மேலேயே ஏறி நிற்கிறது. அது அசல் என்கிறார்கள். இப்போது புரிகிறது.

ஒரு சந்தேகம். மற்றவர்களுக்கு எல்லாம் சோம்பல், நேரமில்லை என்று மாற்றுக்கை. முடியாமல் போய் வேறு ஆள் போட்டதும் உண்டா?

பழையலெட்ஜர்:

உண்டு. அதைச் சொல்ல ஆரம்பித்தால் நீளும். மூட்டு வலி, இரண்டு தவணையாக எழுதுகிறேன்.

லூ கெரிக், யாங்கீஸ் நட்சத்திரம். 1939-ல் அவர் கைகால் விழ ஆரம்பித்தது. ஜூலை 4 அன்று மைதானத்தில் நின்று விடைபெற்றுப் பேசிய பேச்சு எல்லாருக்கும் தெரியும். அடுத்த வருஷம் நியூயார்க் நகரத்தின் பரோல் கமிஷனர்களில் ஒருவராக வேலைக்குப் போனார். பேனா பிடிக்க முடியாமல் போனது. மனைவி எலனார் அவருக்காகப் போட்டார். 1941 ஜூன் 2-ல் இறந்துவிட்டார், 37 வயது. அதனால் 1940, 41 தேதியிட்ட காகிதத்தில் திடமான, அழகான "லூ கெரிக்" இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். கோணல்மாணலாக, தடுமாறி இருந்தால் உட்கார்ந்து கவனமாகப் பாருங்கள். கேம்பனெல்லாவுக்கும் அப்படித்தான். 1958 ஜனவரியில் கார் கவிழ்ந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அதற்குப் பின்னால் அவர் பெயரில் சரளமாக ஓடுகிற கையெழுத்து கண்டால் அது வேறு கை.

இதை நான் பேங்கிலேயே படித்துவிட்டேன், கசப்பாக. ஒரு பெரியவர், ரிட்டயர்டு வாத்தியார். மாதாமாதம் பென்ஷன் சலான் வரும், கையெழுத்து அட்டையில் உள்ளதுபோல் அச்சு அசலாக இருக்கும், பாஸ் செய்வேன். ஒரு மாதம் அவரே வந்தார். என் எதிரிலேயே கையெழுத்துப் போட்டார். கை உதறியது, எழுத்து எங்கெங்கோ போனது. நான் அட்டையைப் பார்த்துவிட்டு, "கையெழுத்து ஒத்துவரலைங்களே" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "நான்தான்யா அது" என்றார். இரண்டு வருஷமாக மருமகள் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பாஸ்புக்கைப் பார்த்துப் பழகியவள். அவள் போட்டதை எல்லாம் விட்டேன், அவர் போட்டதைத் திருப்பினேன். மேனேஜர் வந்து சரிசெய்தார். அந்த வாத்தியார் அப்புறம் பேங்குக்கு வரவே இல்லை.

க்ளீவ்மழை:

க்ளீவ்லாந்தில் இருந்துகொண்டு ஜோ ஜாக்சனை விட்டுவிட்டீர்களே சார்?

பழையலெட்ஜர்:

விடவில்லை, அடுத்த தவணைக்கு வைத்திருந்தேன்.

ஷூலெஸ் ஜோ ஜாக்சன். தெற்குக் கரோலினாவில் பஞ்சாலைக் குடும்பம். பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் மில்லுக்குப் போனவர். எழுதப் படிக்கத் தெரியாது. நம் ஊர்ப் பேச்சில் கைநாட்டு. 1911-ல் க்ளீவ்லாந்துக்காக ஆடி .408 பேட்டிங் சராசரி எடுத்தார், முதல் முழு சீசனில். மனைவி கேட்டிக்குப் படிக்கத் தெரியும். பேப்பரை வாசித்துச் சொல்வது, கடிதத்துக்குப் பதில் எழுதுவது, ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்புவது எல்லாம் கேட்டிதான். இன்று சந்தையில் தலைகாட்டும் "ஜோ ஜாக்சன்"களில் அசல் என்று நிற்பவை விரல்விட்டு எண்ணலாம். மிச்சத்தில் நல்லவை கேட்டியுடையவை, கெட்டவை யார் யாருடையவையோ.

ஜோவுக்குத் தன் பெயரைப் போடத் தெரியும், போடத் தெரியும் என்றால் வரையத் தெரியும். கேட்டி எழுதிக் காட்டியதைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக. நகைக்கடனுக்கு வரும் பாட்டிகள் சிலர் அப்படி உண்டு. அறிவொளி இயக்கத்தில் பெயர் போடக் கற்றுக்கொண்டவர்கள். மை பேடை நகர்த்தினால் கோபம் வரும். "எனக்குக் கையெழுத்துத் தெரியும்" என்று பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, கோலம் போடுகிற மாதிரி எழுத்தெழுத்தாக இழுப்பார்கள். வரிசையில் பின்னால் நிற்கிறவன் முனகுவான். பேனா தூக்கல், நடுக்கம், மை தேக்கம், போலிக்கு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த அத்தனை அடையாளமும் அந்தக் கையெழுத்தில் இருக்கும். ஜோவின் அசலும் அப்படித்தான் இருக்கிறது. அழகாக இருந்தால் கேட்டி.

அந்த வரைந்த கையெழுத்துதான் அவரைக் கவிழ்த்தது என்றும் சொல்லலாம். 1920 தொடக்கத்தில், அப்போது அவர் ஆடிய சிகாகோ வைட் சாக்ஸ் அணியின் செயலாளர் ஹாரி கிராபினர் சவன்னாவுக்கு வந்து புது ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார். மூன்று வருஷம், வருஷத்துக்கு 8,000 டாலர். பத்து நாள் நோட்டீஸில் நீக்கலாம் என்ற ஷரத்தை எடுத்துவிட்டோம் என்று சொன்னார்கள், கேட்டி படித்துப்பார்க்காத சமயத்தில் போட்டேன் என்பது ஜோவின் தரப்பு. ஷரத்து அப்படியே இருந்தது. கேட்டி படித்துக்காட்டித்தான் போட்டார் என்பது அணியின் தரப்பு. அணி அவரை நீக்கிய பின், மீதிச் சம்பளம் கேட்டு ஜோ போட்ட வழக்கு 1924-ல் மில்வாக்கியில் நடந்தது. ஜூரி ஜோவுக்கு 16,711 டாலர் கொடுக்கச் சொன்னது, நீதிபதி ஜோ பொய்ச்சாட்சி சொன்னார் என்று அதைத் தள்ளிவிட்டார். 1919 உலகத் தொடர் சூதாட்ட விவகாரத்தில் அவர் பங்கு எவ்வளவு என்று நான் வாதாட வரவில்லை. ஒப்பந்த விஷயத்தில் என் மனசு ஜோ பக்கம். படிக்கத் தெரியாதவரிடம் கையெழுத்து வாங்கும்போது வாசித்துக் காட்டி, சாட்சி வைத்து, அதையும் எழுதிவைக்கணும். பேரையூர் பேங்கில் ஐந்நூறு ரூபாய் ஆட்டுக் கடனுக்கே அதைச் செய்தோம்.

கரோலினாக்காரி:

பழையலெட்ஜர் ஐயா சொன்னதில் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். நான் இந்த மாநிலத்தில் சட்டம் படித்தவள், இங்கே இது சுவாரசியமான கேஸ்.

ஜோ 1951 டிசம்பரில் கிரீன்வில்லில் காலமானார். உயிலில் அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். சொத்து கேட்டிக்கு. கேட்டி 1959-ல் இறக்கும்போது தன் சொத்தை இதயநோய், புற்றுநோய்த் தொண்டு அமைப்புகள் இரண்டுக்கு எழுதிவைத்தார். முப்பது வருஷத்துக்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. தொண்ணூறுகளில் ஜோவின் கையெழுத்து விலை ஏறியதும் அந்த இரண்டு அமைப்புகளும் கோர்ட்டுக்கு வந்தன: உயில் என்ற அந்தக் காகிதமே ஜோவின் சொத்து, அது கேட்டிக்குப் போனது, கேட்டியிடமிருந்து எங்களுக்கு வரவேண்டும், ஏலத்தில் விற்று நல்ல காரியத்துக்குச் செலவிடுவோம் என்று. மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. கோர்ட்டில் தாக்கலான உயில் பொது ஆவணம், அது கிரீன்வில் கவுன்டியிலேயே இருக்கும் என்றது. தீர்ப்பைப் படித்தபோது கேட்டி பக்கம்தான் எனக்கு நினைப்பு போனது. கடிதக்கடிதமாக அவர் போட்ட ஜோ ஜாக்சனுக்கு அந்த விலை இல்லை, அந்த அம்மா சொல்லிக்கொடுத்து ஜோ தட்டுத்தடுமாறிப் போட்டதற்குத்தான் அத்தனை வழக்கும்.

1911-ல் ஜோ கையெழுத்திட்ட ஒரு புகைப்படம் 2021 ஏலத்தில் 14 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்குப் போனதையும் சொல்லிவிடுகிறேன். பிராங்ஸ்ராஜா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளட்டும்.

பிராங்ஸ்ராஜா:

பிடிச்சுட்டேன். ஃபோர்ஜரின்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா விக்கப் போனா ஆறு பேரையும் கழிச்சுட்டுத்தான் விலை பேசுவாங்க, அது நிச்சயம்.

பழையலெட்ஜர்:

பேசுவார்கள். அதில் தப்பில்லை. விற்கும்போது சரிபார்த்த நிறுவனத்தின் கடிதத்தை மறைக்காமல் சேர்த்துக் கொடுக்கணும், அதுதான் முக்கியம்.

எடிசன் தம்பி, பந்தைத் துடைக்க வேண்டாம். மஞ்சளாக இருக்கிறதே என்று வார்னிஷ் கீர்னிஷ் அடித்துவிடவும் வேண்டாம். அந்தக் காலத்தில் பாதுகாப்பு என்று நினைத்து ஷெல்லாக் பூசி எத்தனையோ பந்துகளைப் பழுப்பாக்கிவிட்டார்கள். ஜன்னல் வெயில் படாத இடத்தில் வையுங்கள். பையன் கைக்கு எட்டாத உயரம். எர்ஸ்கின் அசல் என்றீர்களே, அந்த மனுஷன் 2024 வரைக்கும், 97 வயது வரை இருந்தார், கேட்டவர்களுக்கு எல்லாம் போட்டுக் கொடுத்தவர்.

எடிசன்வாசி:

எல்லோருக்கும் நன்றி. பிராங்ஸ்ராஜா, விற்கிற எண்ணம் இல்லை.

அந்த அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நேற்று ஃபோன் செய்து சொல்லிவிட்டேன். ராபின்சன் கையெழுத்து ராபின்சனே போட்டதில்லை என்றதும் கொஞ்சம் மௌனம். பிறகு, "ஃபுரில்லோ?" என்று கேட்டார். அது அசல் என்றேன். "அப்பாவுக்கு அவரைத்தான் பிடிக்கும்" என்றார். பந்து இருந்த பழைய அட்டைப்பெட்டி வேறொரு டிராயரில் கிடைத்திருக்கிறதாம், சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.